அணைத்துப் போட்டால் நோய் தீருமா?



பள்ளியின் கணிப்பொறி அறையில் நீங்கள் பலமுறை கண்ட காட்சிதான் இது. காலையில் நன்றாக ஓடிய கணிப்பொறி, மாலையில் ஆமையாக நகர்கிறது. ஒரு விசையைத் தட்டினால் எழுத்து திரைக்கு வந்துசேரப் பத்து விநாடி ஆகிறது. பிறகு அதுவும் வருவதில்லை. "சார், நின்னு போச்சு" என்று ஒரு குரல் எழுகிறது. "அணைத்துப் போடு" என்று விடை வருகிறது. அணைத்துப் போட்டதும் கணிப்பொறி காலையில் இருந்ததைப் போலவே ஓடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி, பாடம் தொடர்கிறது.

ஆனால், கணிப்பொறி ஏன் நின்றது? அணைத்துப் போட்டதும் ஏன் சரியாயிற்று? நாளை மாலையும் இதேபோல் நிற்குமா? இக்கேள்விகளை அந்த அறையில் எவரும் எழுப்புவதில்லை. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது தவறில்லை. ஆனால் துணியைப் போட்டதும் நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அணைத்துப் போடுவதை மருந்து என்று மாணவர்களுக்குப் பழக்குவது அறிவியல் கல்விக்கே கேடு என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை, கணிப்பொறியின் நினைவகத்தில் நிகழும் ஒரு வகைப் பிழையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அப்பிழைக்கு 'நினைவகக் கசிவு' என்று பெயர்.

லண்டனில் ஓர் இரவு

1992-ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று, லண்டன் மாநகரின் ஆம்புலன்ஸ் சேவை முழுமையாகக் கணிப்பொறி முறைக்கு மாறியது. அழைப்பு வந்ததும் எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்பதைக் கணிப்பொறியே முடிவு செய்ய வேண்டும் என்பது திட்டம். முதல் இரண்டு நாட்களிலேயே பெருங்குழப்பம் நேர்ந்தது. அதனால் பாதி வேலையை மனிதரும் பாதி வேலையைக் கணிப்பொறியும் செய்யும்படி முறையை மாற்றினார்கள். அதன்பின் ஒரு வாரம் ஓரளவு அமைதியாகச் சென்றது.

நவம்பர் 4 அதிகாலை 2 மணிக்குச் சற்றுப் பின்னர், கணிப்பொறி அமைப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து முற்றிலும் உறைந்து போயிற்று. பணியாளர்கள் தங்கள் மேசைக் கணிப்பொறிகளை அணைத்துப் போட்டார்கள். இப்படி நேர்ந்தால் அவ்வாறு செய்யுமாறுதான் அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. பயன் ஏதும் இல்லை. மாற்றாக வைத்திருந்த ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. கடைசியில் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பழைய முறைக்கே திரும்பினார்கள்.

விசாரணைக் குழுவின் அறிக்கை 1993 பிப்ரவரியில் வெளியாயிற்று. நவம்பர் 4-இன் முடக்கத்திற்கு அது கூறிய காரணம் மிகச் சிறியது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன், நிரல் எழுதுபவர் ஒருவர் வேறு ஏதோ வேலை செய்தபோது ஒரு துண்டு நிரலைத் தவறுதலாக அமைப்பில் விட்டுவிட்டார். ஒரு வண்டி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டு, மையக் கணிப்பொறியின் நினைவகத்தில் சிறிதளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் திருப்பிக் கொடுக்காது. மூன்று வாரம் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நினைவகமும் கரைந்துகொண்டே இருந்தது. கடைசித் துளியும் தீர்ந்தபோது அமைப்பு நின்றது.

பணியாளர்கள் அணைத்துப் போட்டது மேசைக் கணிப்பொறிகளை. இடம் தீர்ந்து போனதோ மையக் கணிப்பொறியில். காரணம் தெரியாமல் செய்த வைத்தியம் வேறு உறுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் லண்டனின் ஏதோ ஒரு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஆம்புலன்சுக்குக் காத்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். அப்போதுதான் இது வெறும் கணிப்பொறிச் சங்கதி இல்லை என்பது விளங்கும்.

நினைவகத்தின் கணக்குப்பிள்ளை

கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தை, எண்ணிடப்பட்ட கோடிக்கணக்கான சிறு பெட்டிகளின் வரிசை என்று கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பைட். பெட்டியின் எண்ணே அதன் முகவரி. 4 கிகாபைட் நினைவகம் என்றால், ஏறக்குறைய 430 கோடி பெட்டிகள். ஓடுகின்ற நிரல் எதுவாயினும் இப்பெட்டிகளில்தான் தன் எண்களையும் எழுத்துகளையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எத்தனை பெட்டி என்று முடிவு செய்வது, கணிப்பொறியின் இயக்க முறைமையின் நடுவில் உள்ள ஒரு நிரல். ஆங்கிலத்தில் அதனைக் கர்னல் என்பர்; கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். நாம் அதைக் கருநிரல் என்று அழைப்போம். அதற்குள்ளே நினைவகப் பங்கீட்டை மட்டும் கவனிக்கும் பகுதியை ஒதுக்கீட்டாளர் என்போம்.

ஒதுக்கீட்டாளரின் வேலையைப் புரிந்துகொள்ள, ஓர் இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். வெர்னியர் அளவியும் திருகு அளவியும் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மாணவர் கேட்டால் எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவார். திருப்பிக் கொடுத்தால் கோடிட்டு அடிப்பார். அலமாரியில் இருப்பதும் வெளியே சென்றதும் சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும். இதில் மாயம் எதுவும் இல்லை, கழித்தல் கூட்டல்தான்.

ஒரு மாணவர் திருகு அளவியைத் திருப்பித் தர மறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு முடிந்து வாசலைக் கடக்கும்போது உதவியாளர் பதிவேட்டைப் பார்த்து, "தம்பி, திருகு அளவி எங்கே?" என்று கேட்டு வாங்கிவிடுவார். கணிப்பொறியிலும் அப்படியே. நீங்கள் ஓட்டும் சாதாரண நிரல் எவ்வளவு நினைவகத்தை மறந்து வைத்திருந்தாலும், அது முடியும் கணத்தில் கருநிரல் எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும்.

ஆனால் உதவியாளரே ஒரு பொருளை எடுத்து எங்கோ வைத்து மறந்துவிட்டால்? அவரை வாசலில் நிறுத்திக் கேட்பவர் எவரும் இல்லை. கருநிரலின் நிலையும் இதுவே. அது தன் சொந்த வேலைக்காகவும் இடையறாது நினைவகம் எடுத்துக்கொள்கிறது. கோப்பைத் திறந்தால் ஒரு துண்டு, இணையத்திலிருந்து செய்தி வந்தால் ஒரு துண்டு, விசைப்பலகையைச் செருகினால் ஒரு துண்டு. அது முடிவதோ கணிப்பொறியை அணைக்கும்போதுதான். அதுவரை மறந்த துண்டுகள் மறந்தவையே. மற்ற நிரல்களின் கசிவைவிடக் கருநிரலின் கசிவு கொடியது என்பதற்கு இதுவே காரணம்.

பிரிப்பதும் சேர்ப்பதும்

இன்று உலகின் ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும், மிகப் பெரும்பாலான இணையச் சேவைக் கணிப்பொறிகளிலும் இயங்குவது லினக்ஸ் என்னும் கருநிரல். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. அதன் நிரல் வரிகள் முழுவதையும் யாரும் படித்துப் பார்க்கலாம். ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம்.

லினக்சின் ஒதுக்கீட்டாளர் இரண்டு அடுக்குகளாக வேலை செய்கிறார். கீழ் அடுக்கு, நினைவகத்தைப் பக்கங்களாகப் பார்க்கிறது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். யாரேனும் 3 பக்கம் கேட்டால், 16 பக்கம் கொண்ட துண்டை 8, 8 என வெட்டி, அதில் ஒரு 8-ஐ 4, 4 என வெட்டி, ஒரு 4-ஐக் கொடுக்கும். அது திரும்பி வந்ததும் அதன் இணைத் துண்டு காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டையும் மீண்டும் 8 ஆக ஒட்டும். எப்போதும் இரண்டின் அடுக்குகளே. இந்த இணைத்துண்டு முறையைக் கென்னத் நோல்டன் என்பவர் 1965-இல் விளக்கி எழுதினார். அறுபது ஆண்டுகள் சென்றும் அது பயனில் உள்ளது.

மேல் அடுக்கு, பக்கத்தைவிடச் சிறிய துண்டுகளைக் கவனிக்கிறது. கருநிரல் ஒரே அளவுள்ள பொருள்களை ஆயிரக்கணக்கில் கேட்கும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அடுக்குப் பெட்டி வைத்து, ஒன்று திரும்பி வந்ததும் அதே பெட்டியில் போட்டு, அடுத்தவருக்கு உடனே எடுத்துக் கொடுக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெஃப் பான்விக் 1994-இல் வெளியிட்ட இம்முறைக்கு 'ஸ்லாப்' என்று பெயர். இதில் நமக்கு வேண்டிய ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் இருப்பதால், எந்த வகைப் பொருள் எத்தனை வெளியே சென்றிருக்கிறது என்ற கணக்கு எப்போதும் கையில் இருக்கும்.

கசிவு பிறக்கும் இடம்

இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்தும் கசிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒதுக்கீட்டாளரிடமிருந்து வருவதில்லை. அவரிடம் வாங்கிச் செல்லும் கருநிரலின் பிற பகுதிகளிலிருந்தே வருகிறது.

ஒரு கேமராவைக் கணிப்பொறியில் செருகுகிறீர்கள். அதைக் கவனிக்கும் நிரல் பகுதி மூன்று படிகளில் வேலை செய்கிறது. முதலில் குறிப்பெழுத 64 பைட் வாங்குகிறது. அடுத்துப் படத்தை வைக்கப் பெரிய துண்டு ஒன்று வாங்குகிறது. மூன்றாவதாகக் கேமராவுடன் பேசுகிறது. மூன்றும் நடந்தால், கேமராவைப் பிடுங்கும்போது இரண்டு துண்டுகளையும் திருப்பிக் கொடுத்துவிடும். சரிதான். ஆனால் கேமரா பதில் சொல்லவில்லை என்றால்? நிரல் "முடியவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்புமுன் வாங்கிய இரண்டையும் கொடுக்க வேண்டும். எழுதியவர் பெரிய துண்டைக் கொடுக்க நினைவு வைத்து, 64 பைட்டை மறந்துவிட்டார். வேலை நன்றாக நடக்கும் வழியை எல்லோரும் நூறு முறை சோதிப்பார்கள். வேலை கெடும் வழியில் நடந்து பார்ப்பவர் சிலரே. கசிவுகள் பல அந்த வழியில்தான் ஒளிந்திருக்கின்றன.

64 பைட் என்ன பெரிது என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு ஒரு முறை 64 பைட் கசிந்தால், ஒரு நாளில் 64 × 86,400 = 55,29,600 பைட். ஏறத்தாழ ஐந்தரை மெகாபைட். 4 கிகாபைட் நினைவகம் தீர 777 நாளாகும். உங்கள் பள்ளிக் கணிப்பொறி மாலைதோறும் அணைக்கப்படுவதால் இதை ஒருநாளும் காணமாட்டீர்கள். ஆனால் விநாடிக்குப் பத்து முறை கசிந்தால் 78 நாள். நூறு முறை கசிந்தால் 8 நாள்கூட இல்லை. மருத்துவமனையிலும் மின் நிலையத்திலும் இரவு பகலாக ஓடும் கணிப்பொறிக்கு 78 நாள் என்பது நீண்ட காலமா?

துப்பறியும் கலை

சரி, இத்தகைய பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் இயற்பியல் மாணவருக்கு விருந்து காத்திருக்கிறது.

முதற்படி, அளப்பது. லினக்ஸ் தன் நினைவகக் கணக்கை எப்போது கேட்டாலும் தரும். ஆனால் 'காலி இடம் குறைந்துவிட்டது, ஆகவே கசிவு' என்று பாய்ந்துவிடக் கூடாது. வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை, மறுமுறை விரைவாகக் கொடுப்பதற்காகக் கருநிரல் நினைவகத்தில் வைத்திருக்கும். யாரேனும் இடம் கேட்டால் அதை விட்டுக்கொடுத்துவிடும். அது சேமிப்பு, கசிவு அன்று. அதனால்தான் ஸ்லாப் கணக்கிலேயே 'கேட்டால் மீட்கக்கூடியது', 'மீட்க முடியாதது' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது வரியை.

அந்த எண்ணை மணிக்கொரு முறை குறித்து, காலத்தை எதிர்த்து வரைபடம் வரையுங்கள். வேலை கூடும்போது கோடு ஏறும், குறையும்போது இறங்கும். கசிவு இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். பள்ளங்களின் மட்டமே நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டு போனால் ஐயம் உறுதியாகிறது.

இரண்டாம் படி, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. கேமராவின் மேல் ஐயமா? மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, கேமராவை மணிக்கு நூறு முறை செருகிப் பிடுங்குங்கள். பிறகு இருநூறு முறை. கோட்டின் சாய்வு இருமடங்கானால் குற்றவாளி சிக்கினார். சாய்வு மாறவில்லை என்றால், கேமராவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறிடம் செல்ல வேண்டியதுதான். பழைய பதிப்பில் கசிவு இல்லை, புதிய பதிப்பில் இருக்கிறது என்றால் வேறொரு வழி உண்டு. இடையில் செய்த மாற்றங்கள் 1,024 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள பதிப்பைச் சோதித்தால் பிழை எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். பத்தே சோதனைகளில் அந்த ஒரு மாற்றம் கைக்கு வந்துவிடும்.

மூன்றாம் படிக்கு ஒரு கருவி உண்டு. கேட்டலின் மரினாஸ் என்பவர் எழுதி, 2009 செப்டம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.31 பதிப்பில் சேர்ந்த 'கேமெம்லீக்' அது. அதன் தத்துவம் எளியது. வாங்கிய துண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், அதன் முகவரி நினைவகத்தில் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கும் எழுதப்படவில்லை என்றால் அதை இனி எவராலும் தேடிச் செல்ல முடியாது, அது அநாதை.

கருவி முதலில் எல்லாத் துண்டுகளுக்கும் வெள்ளை நிறம் பூசுவதாகக் கொள்கிறது. பிறகு கருநிரலின் நிலையான தரவுப் பகுதிகளிலிருந்து தொடங்கி, அங்குள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. ஓர் எண் ஏதேனும் துண்டின் முகவரியாக இருந்தால், அத்துண்டு சாம்பல் நிறம் பெறுகிறது. அடுத்து அந்தச் சாம்பல் துண்டுகளுக்குள் புகுந்து அங்கே எழுதப்பட்ட முகவரிகளைத் தேடுகிறது. இப்படியே சென்று முடிந்தபின்னும் வெள்ளையாக நிற்பவை ஐயத்திற்குரியவை. ஒவ்வொன்றின் அளவையும், எந்த வேலையின்போது, எந்த நிரல் பகுதிகளின் வழியாக அது வாங்கப்பட்டது என்பதையும் கருவி தெரிவிக்கிறது. இயல்பாகப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்கிறது.

இக்கருவியும் ஏமாறும். முகவரியை நேராக எழுதாமல் உருமாற்றி எழுதி வைத்திருந்தால், கசியாத துண்டைக் கசிந்ததாகச் சொல்லிவிடும். ஏதோ ஓர் எண் தற்செயலாக ஒரு முகவரியை ஒத்திருந்தால், கசிந்த துண்டைக் கசியவில்லை என்றுவிடும். பட்டியலில் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டு, ஒருநாளும் பயன்படுத்தாமல் பட்டியலை நீட்டிக்கொண்டே போகும் நிரலை இது பிடிக்கவே பிடிக்காது. அங்கே நம் வரைபடம்தான் துணை. கருவி தருவது சாட்சியம். தீர்ப்பு சொல்ல மனிதர் வேண்டும்.

இக்கருவியின் ஒரு பண்பு என்னை மிகவும் கவர்ந்தது. பிறர் வாங்கும் துண்டுகளைக் குறித்து வைக்க அதற்கும் நினைவகம் வேண்டுமல்லவா? குறிப்பெழுத இடம் கிடைக்காமற் போனால் அது என்ன செய்கிறது தெரியுமா? அரைகுறைக் கணக்கை வைத்து ஒப்பேற்றுவதில்லை. இடம் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டுத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. ஒரு குறிப்பு விட்டுப்போனாலும் அதன்பின் வரும் முடிவை நம்ப முடியாது என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுப்புக்கு மறுமொழி

"இவ்வளவு பாடுபடுவானேன்? நாளுக்கொரு முறை அணைத்துப் போட்டால் போயிற்று" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நெருக்கடியில் சேவை முதலில் எழ வேண்டும், ஆராய்ச்சி பிறகுதான். கசியும் வேகத்தை அளந்து, காரணம் அறிந்து, திருத்தம் வரும்வரை வாரம் ஒருமுறை மறுதொடக்கம் செய்யும் பொறியாளரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நோயை அறிந்து ஈரத்துணி போடுகிறார்.

ஆனால் மறுதொடக்கத்தை நம்பியிருக்க முடியாத இடங்களும் உண்டு. 2004 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியது. ஜனவரி 21 முதல் அதனிடமிருந்து ஒழுங்கான செய்தி வரவில்லை. ஊர்தியின் கணிப்பொறி தன்னைத்தானே மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தது. அதன் நிலை நினைவகத்தில் கோப்புகள் பெருகியிருந்தன. கோப்புகளை அழித்தாலும் அவற்றின் அட்டவணை சுருங்காது. கணிப்பொறி எழும்போதெல்லாம் அந்த அட்டவணையைத் தற்காலிக நினைவகத்திற்குக் கொண்டுவர முயலும், இடம் போதாது, விழும், மறுபடி எழும். இரவில் உறங்கவும் முடியாமல் மின்கலம் வற்றிக்கொண்டிருந்தது. இதைக் கசிவு என்று சொல்வதற்கில்லை என்றாலும், எடுத்த இடத்தைத் திரும்பக் கொடுக்காத அதே குடும்பத்துப் பிழைதான். இங்கே மறுதொடக்கமே நோயாகிவிட்டது. நிலை நினைவகத்தைத் தொடாமல் எழுமாறு பூமியிலிருந்து ஆணை அனுப்பிய பிறகே ஊர்தி அமைதியடைந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு காரணத்தைத் தேடிக் கண்டவர்களால்தான் இது கைகூடியது. 90 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய அந்த ஊர்தி, 2010 மார்ச் வரை பூமியுடன் பேசிக்கொண்டிருந்தது.

நம் ஆய்வகத்தில் நடப்பது

இனி நம் வீட்டுக்கு வருவோம். கல்லூரி ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நான் காண்பது இது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் விநாடி வர்க்கத்திற்கு 980 செ.மீ. என்று வர வேண்டும் என்பது மாணவருக்கு முன்பே தெரியும். அவருக்கு 960 வருகிறது. உடனே அளவீடுகளில் ஒன்றிரண்டைத் 'திருத்தி' 980 ஆக்கிவிடுகிறார். அல்லது அடியில் 'சோதனைப் பிழை' என்று இரண்டு சொல் எழுதி நோட்டை மூடிவிடுகிறார். பல நேரங்களில் காரணம் அருகிலேயே இருக்கும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல்விளிம்பு வரை அளந்திருப்பார். 50 செ.மீ. ஊசலில் 1 செ.மீ. குறைந்தால் விடையில் நூற்றுக்கு 2 குறையும். 980 என்பது 960 ஆகும். தவறான விடையே வழிகாட்டியாக நின்று, "இங்கே பார்" என்று கூப்பிட்டிருக்கிறது. மாணவர் அதை அழித்துவிட்டார்.

அளவீட்டைத் திருத்துவதும் கணிப்பொறியை அணைத்துப் போடுவதும் என் பார்வையில் ஒரே செயல். இரண்டிலும் தடயம் அழிகிறது. அணைத்த கணத்தில் நினைவகம் முழுவதும் துடைக்கப்பட்டுவிடுகிறது. எந்தத் துண்டு அநாதையாக நின்றது, அதை வாங்கியது யார் என்பதெல்லாம் போய்விடுகின்றன. பிழை மட்டும் நிரலில் அப்படியே இருக்கிறது. இதற்கு மாணவர்களை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்து, தவறான விடைக்குக் காரணம் கண்டவருக்கு ஒன்றும் கொடுக்காத நாங்களும் பொறுப்பாளிகளே. தன் விடை ஏன் தவறாயிற்று என்று கண்டு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் நாள் வர வேண்டும் என்று ஆசிரியர்களையும் இப்பக்கங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த முறை கணிப்பொறி தளரும்போது உடனே விசையில் கை வைக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து மூன்று செய்திகளை எழுதுங்கள். மணி என்ன? எத்தனை நேரமாக ஓடுகிறது? அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் எவை, நினைவகத்தில் எவ்வளவு செலவாகியிருக்கிறது? எந்தக் கணிப்பொறியிலும் இதைக் காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. ஆசிரியரிடம் கேட்டால் காட்டுவார். எழுதிய பிறகு தாராளமாக அணைத்துப் போடுங்கள்.

ஒரு மாதம் இப்படி எழுதினால், அந்த நோட்டில் ஏதோ ஓர் ஒழுங்கு தென்படக்கூடும். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நிற்கிறதா? குறிப்பிட்ட ஒரு நிரலைத் திறந்த நாட்களில் மட்டும் நிற்கிறதா? கண்டால் எங்களுக்கும் எழுதுங்கள். லண்டனில் அந்த மூன்று வாரங்களில் எவரேனும் நாள்தோறும் நினைவகக் கணக்கைக் குறித்து வந்திருந்தால், நவம்பர் 4 வருமுன்பே கோடு ஏறுவதைக் கண்டிருப்பார்.